வாய்ப்பு பாட்டிலுக்கா, குலைக்கா?



ஏதாவது ஒரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானால் மறுநாள் பேப்பரில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "விவசாயிகளுக்குப் பெரும் ஏற்றுமதி வாய்ப்பு." மந்திரி சொல்வார். அதிகாரி சொல்வார். டிவியில் உட்கார்ந்திருக்கும் நிபுணரும் சொல்வார். வெளிநாட்டுச் சந்தை திறந்துவிட்டதாம், இனி விவசாயி காட்டில் மழைதானாம். கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த மழை யார் காட்டில் பெய்கிறது? விளைய வைத்தவன் காட்டிலா, விற்கிறவன் காட்டிலா?

இந்தக் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு நாடு இருக்கிறது. ஆஸ்திரேலியா. ஒயின் என்ற ஒரே சரக்கை வைத்து, ஏற்றுமதி ஏற்றுமதி என்று முப்பது வருசம் ஓடிய நாடு. அங்கே திராட்சை போட்ட சம்சாரி இன்றைக்கு எந்தக் கதியில் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டால், நம்ம ஊருக்கு யாராவது ஏற்றுமதி ஆசை காட்டி வரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

குடிக்கலாமா கூடாதா என்பது இங்கே பேச்சு இல்லை. அதை வேறு மேடையில் வைத்துக்கொள்வோம். திராட்சை போட்டவன் கதி என்ன ஆனது என்பதுதான் நமக்குப் பேச்சு. கரும்பு, மஞ்சள், வாழை, வெங்காயம் என்று எதைப் போட்டவனுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

முதல் ஆசை

ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றுப் பாசனத்தில் ரிவர்லாண்ட் என்று ஒரு பகுதி. மர்ரம்பிட்ஜி ஆற்று வாய்க்கால் தண்ணீரில் கிரிஃபித் என்று ஒரு ஊர். நம்ம பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கு செழித்த மாதிரி, வறண்ட பூமியில் வாய்க்கால் வெட்டிச் செழித்த ஊர்கள் அவை. உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்துக் குடியேற்றிய பகுதி ரிவர்லாண்ட். கிரிஃபித்தில் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அதிகம். இவர்களில் ரொம்பப் பேர் ஒயின் தயாரிப்பவர்கள் இல்லை. திராட்சையைப் பயிர் செய்து பெரிய ஒயின் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவர்கள். ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற நம்ம விவசாயி மாதிரி.

1996-ஆம் வருசம் அந்த நாட்டு ஒயின் தொழில்காரர்கள் ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். 2025-க்குள் வருசத்துக்கு 450 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஒயின் விற்க வேண்டும், அதற்கு வெளிநாட்டுச் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்பது குறி. புதுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு 1993-லிருந்தே வருமான வரியில் சலுகை இருந்தது. பணம் படைத்தவனெல்லாம் தோட்டம் போட்டான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலிய ஒயின் சக்கைப் போடு போட்டது. முப்பது வருசத்தில் எட்ட நினைத்ததைப் பத்து வருசத்திலேயே நெருங்கிவிட்டார்கள்.

பிறகு என்ன ஆச்சு? 2009 நவம்பரில் அந்தத் தொழில் அமைப்புகளே சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. காய்ப்பில் உள்ள கொடிகளில் குறைந்தது 20 சதவீதம் தேவைக்கு மிஞ்சியது என்று. போடு போடு என்று சொன்ன வாய்தான், பிடுங்கு பிடுங்கு என்றும் சொன்னது. போடும்போது கைதட்டிய கூட்டத்தில் பிடுங்கும்போது கூலி கொடுக்க ஆள் இல்லை.

சீனக் கதவு

அந்த நேரத்தில் ஆபத்பாந்தவன் மாதிரி வந்தது சீனா. அங்கே புதுப் பணக்காரர்கள் பெருகினார்கள். விருந்துக்கும் அன்பளிப்புக்கும் வெளிநாட்டுச் சிவப்பு ஒயின் வாங்கினார்கள். 2015 டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் சீனாவும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பாட்டில் ஒயினுக்கு 14 சதவீதம் இருந்த சுங்க வரி வருசா வருசம் இறங்கி, 2019 ஜனவரி 1-ல் பூஜ்யமானது. விற்பனை மளமளவென ஏறியது. உச்சத்தில் வருசத்துக்கு 120 கோடி டாலருக்கு மேல் சீனாவுக்கு மட்டும் போனது. மொத்த ஒயின் ஏற்றுமதி மதிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு ஒரே ஒரு நாட்டுக்கு!

நம்ம ஊரில் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று பாட்டிக்குக்கூடத் தெரியும். கம்பெனிகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூடை விழுந்தால் உடைவது யார் முட்டை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கதவைச் சாத்தினார்கள்

2020 ஏப்ரலில், கொரோனா எங்கிருந்து வந்தது என்று சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் குரல் கொடுத்தது. சீனாவுக்குக் கோபம். அடுத்த சில மாதங்களில் பார்லி, மாட்டிறைச்சி, நிலக்கரி, மரம், கடல் இறால் என்று வரிசையாக இடைஞ்சல். ஒயினை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று ஆகஸ்டில் விசாரணை ஆரம்பித்தார்கள். நவம்பரிலேயே 107 சதவீதத்திலிருந்து 212 சதவீதம் வரை டெபாசிட் கட்டச் சொன்னார்கள். 2021 மார்ச்சில் 116 முதல் 218 சதவீதம் வரை ஐந்து வருசத்துக்கு வரி என்று முடிவாக அறிவித்தார்கள்.

120 கோடி டாலர் வியாபாரம், வருசத்துக்கு ஒரு கோடி டாலர் அளவுக்குச் சுருங்கிப் போனது. நூறு ரூபாய் வியாபாரம் செய்த கடையில் ஒரு ரூபாய்க்குக்கூடப் போணியாகவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி.

இதில் கிரிஃபித் விவசாயி செய்த குற்றம் என்ன? அவன் கொரோனாவைப் பற்றி வாய் திறந்தானா? சீனாவோடு சண்டை போட்டானா? அவன் பாட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சி, கவாத்துச் செய்து, மருந்தடித்து, குலையை வெட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு தலைநகரத்துக்கும் நடுவில் நடந்த சண்டையில் அடி விழுந்தது அவன் பந்தலில்.

கம்பெனி நகர்ந்தது, கொடி நகரவில்லை

சீனாவில் பெயர் பெற்ற ஆஸ்திரேலிய ஒயின் பென்ஃபோல்ட்ஸ். அதை விற்கும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தன் விலை உயர்ந்த சரக்கை வேறு நாடுகளுக்குத் திருப்பிவிட்டது. கலிபோர்னியாவிலும் பிரான்சிலும் விளைந்த திராட்சையில் அதே பெயரில் ஒயின் போட்டது. 2022-ல் சீனாவிலேயே விளைந்த திராட்சையிலும் அந்தப் பெயரில் ஒயின் விற்க ஆரம்பித்தது. கம்பெனியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வியாபாரி அப்படித்தான் செய்வான். பெயர் அவனுடையது, பெயரைத் தூக்கிக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம்.

விவசாயி எதைத் தூக்கிக்கொண்டு போவான்? கொடி நட்டால் முதல் காய்ப்புக்கே மூணு வருசம் ஆகும். அதுக்கப்புறம் இருபது முப்பது வருசம் அந்தக் கொடிதான் அவன் வாழ்க்கை. கத்தரிச் செடி என்றால் அடுத்த போகத்துக்கு வேறு பயிர் மாற்றலாம். கல்லும் கம்பியும் கடனும் போட்டுப் பந்தல் எழுப்பியவன் மாற்ற முடியாது.

விலை என்ன ஆனது? கிரிஃபித் போன்ற பாசனப் பகுதிகளில் 2020-ல் ஒரு டன் திராட்சைக்குச் சராசரியாக 659 டாலர். 2023-ல் 304 டாலர். பாதிக்கும் கீழே. பல பத்து வருசத்தில் இல்லாத வீழ்ச்சி. சிவப்புத் திராட்சைக்கு இதற்கும் கீழே கேட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் திராட்சையில் ஏறத்தாழ 700 லிட்டர் ஒயின் வரும். பாட்டில் கணக்கில் 900-க்கு மேல். 304 டாலரை 900-ஆல் வகுத்தால், ஒரு பாட்டிலுக்குள் போன திராட்சைக்கு விவசாயி வாங்கியது 34 காசு. அவர்கள் காசில். நம்ம பணத்தில் பதினெட்டு, பத்தொன்பது ரூபாய். வெறும் கண்ணாடி பாட்டிலுக்கும் மூடிக்கும் லேபிளுக்கும் கம்பெனி கொடுக்கிற காசு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது நம்ம பழமொழி. அது அங்கேயும் உண்மையாகிவிட்டது.

2023 நடுவில் அந்த நாட்டுத் தொட்டிகளில் 200 கோடி லிட்டருக்கு மேல் ஒயின் தேங்கிக் கிடந்தது. ரெண்டு வருச உற்பத்தி அது. விலை தேற வேண்டும் என்றால் 2 கோடிக்கு மேல் கொடிகளைப் பிடுங்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். புல்டோசர் வைத்துப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்த தோட்டங்களின் படங்கள் 2024-ல் உலகமெங்கும் வந்தன. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த கொடியைத் தன் கையாலேயே பிடுங்கியவன் வேதனை, கரும்பைக் கொல்லையிலேயே கொளுத்திய நம்மவனுக்குத் தெரியும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சீனா கதவைச் சாத்துவதற்கு முன்னால், வியாபாரம் நன்றாக நடந்த 2019-லேயே, ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் ஒயின் திராட்சைச் சந்தையை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. வெப்பப் பகுதி விவசாயிகளுக்கு விலை என்னவென்று அறுவடை நெருங்கும்போதுதான் தெரிகிறது, பணம் மாதக்கணக்கில் இழுத்தடித்துத் தரப்படுகிறது, தரம் பார்ப்பது வாங்குகிறவன் கையிலேயே இருக்கிறது, பேரம் பேசும் பலம் விவசாயிக்கு இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தார்கள். ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே விளைய வைத்தவன் நிலை இதுதான் என்றால், ஏற்றுமதி நின்ற பிறகு சொல்லவா வேண்டும்?

கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-லேயே சட்ட ஆணை வாங்கிவைத்தும், நிலுவைக்காக ஆலை வாசலில் உட்கார்ந்த நமக்கு இந்த அறிக்கையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திறந்த கதவு யாருக்கு?

2024 மார்ச் 29-ல் சீனா அந்த வரியை நீக்கியது. "வாய்ப்பு திரும்பி வந்துவிட்டது" என்று மறுபடியும் கொண்டாட்டம். பாட்டில்கள் உடனே கப்பல் ஏறின. ஏற்றுமதி மதிப்பும் சரசரவென ஏறியது.

ஆனால் கப்பல் ஏறியதில் மதிப்பின் பெரும்பங்கு விலை உயர்ந்த பாட்டில்களில்தான் இருந்தது. குளிர்ப் பகுதிகளில், பெயர் பெற்ற தோட்டங்களில் விளைந்த சரக்கு. அதோடு அந்த மூணு வருசத்தில் சீனாவில் ஒயின் குடிப்பதே வெகுவாகக் குறைந்துவிட்டது. கிரிஃபித்திலும் ரிவர்லாண்டிலும் விளைகிற சாதாரணத் திராட்சைக்கு அந்தக் கதவு திறந்தும் திறக்காத மாதிரிதான். புள்ளிவிவரத்தில் ஏற்றுமதி ஏறியது. தோட்டத்தில் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்ல வருகிறேன். பாட்டிலுக்குக் கிடைத்த வாய்ப்பு குலைக்குக் கிடைத்த வாய்ப்பு ஆகிவிடாது.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். சீனா கைவிட்ட பிறகு ஆஸ்திரேலிய ஒயின் கம்பெனிகள் கண் வைத்த சந்தைகளில் இந்தியாவும் ஒன்று. 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி, டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் ஒயினுக்குச் சலுகை கொடுக்கப்பட்டது. அதுவரை இறக்குமதி வரி 150 சதவீதம். இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்குக் குறையாத பாட்டிலுக்கு அது 100 சதவீதமாகக் குறைந்து, பத்து வருசத்தில் 50-க்கு வரும். 15 டாலருக்குக் குறையாத பாட்டிலுக்கு 75 ஆகி, பத்து வருசத்தில் 25-க்கு வரும். 2026 ஜனவரியில் பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்திலும் ஒயின் வரி படிப்படியாகக் குறைகிறது.

5 டாலருக்குக் கீழே உள்ள பாட்டிலுக்குச் சலுகை கிடையாது என்பதைக் கவனியுங்கள். இந்தியத் திராட்சை விவசாயியைக் காப்பாற்ற வைத்த வரம்பு என்று சொல்லப்பட்டது. அந்த அளவில் அது நமக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பக்கம் பாருங்கள். 2023-ல் டன்னுக்கு 304 டாலர் வாங்கிய கிரிஃபித்காரன் திராட்சையில் போடுகிற மலிவு ஒயின் அந்த 5 டாலரை எட்டாது. ஆக, "இந்தியச் சந்தை திறந்தது" என்று அவன் நாட்டுப் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டாலும் அவன் குலைக்கு இங்கேயும் இடமில்லை. உள்ளே வந்தாலும் சுங்க வரி முடிந்து மாநிலத்துக்கு மாநிலம் கலால் வரி தனி. அவனும் நம்மைப் போல ஏமாந்த சம்சாரிதான். நமக்கு எதிரி அவன் இல்லை.

இது ஒரு நாட்டுக் கதை இல்லை

ஜார்ஜியா என்று ஒரு சின்ன நாடு. எட்டாயிரம் வருசமாக ஒயின் போடுகிற பூமி. அவர்கள் ஒயினில் ஐந்தில் நான்கு பங்கு ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2006-ல் அரசியல் பகை முற்றியது. தரம் சரியில்லை என்று காரணம் சொல்லி ரஷ்யா ஒரே நாளில் தடை போட்டது. மால்டோவா நாட்டு ஒயினுக்கும் அதே கதி. ஜார்ஜியாவுக்குக் கதவு மறுபடி திறக்க 2013 ஆனது. நடுவில் ஏழு வருசம். அந்த ஏழு வருசத்தில் கஷ்டப்பட்டு வேறு நாடுகளைப் பிடித்தார்கள், தரத்தை உயர்த்தினார்கள். கதவு திறந்ததும் மறுபடி ரஷ்யாவே முதல் வாடிக்கை ஆகிவிட்டது. பழகிய வாசலை விட்டு விலகுவது அவ்வளவு லேசு இல்லை.

வெளிநாடு எதுக்கு? நாசிக்கைப் பாருங்கள். 2001-ல் மகாராஷ்டிரா அரசாங்கம் திராட்சை பதனிடும் தொழிலுக்குக் கொள்கை கொண்டுவந்தது. சலுகை கிடைத்ததும் ஒயின் ஆலைகள் புற்றீசலாக முளைத்தன. ஒப்பந்தம் போட்டு ஒயின் ரகத் திராட்சை நடச் சொன்னார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஓட்டல் வியாபாரமும் படுத்தது. ஆலைகள் வாங்க மறுத்தன. ஒயின் ரகத் திராட்சை சின்னதாக, தோல் தடித்து, விதையோடு இருக்கும். பழக்கடையில் விலை போகாது. ஆலையும் வேண்டாம் என்றால் அந்தக் குலையை என்ன செய்வது? கொடியைப் பிடுங்கினார்கள்.

கதவைச் சாத்துவது வெளிநாட்டுக்காரன் மட்டுமா? 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023 டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை. ரெண்டும் டெல்லியில் போட்ட உத்தரவு. விலை ஏறும்போது ஏற்றுமதியை நிறுத்துவார்கள், விலை விழும்போது "சந்தை நிலவரம்" என்பார்கள்.

அப்படியென்றால் ஏற்றுமதியே வேண்டாமா?

இப்படி ஒரு கேள்வி வரும். வரட்டும். ஏற்றுமதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெளியூர்ச் சந்தை இருந்தால் உள்ளூர் வியாபாரி அடக்க விலைக்குக் கீழே கேட்கப் பயப்படுவான். அது நமக்குப் பலம். ஏற்றுமதி கெட்டது என்று மேடையில் முழங்குவது சுலபம், அது உண்மையும் இல்லை.

இத்தாலியில் திரென்டினோ என்ற மலைப்பகுதி. அங்கே ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள், ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நிலம். ஊருக்கு ஊர் கூட்டுறவு ஒயின் ஆலை வைத்து, அந்தக் கூட்டுறவுகள் சேர்ந்து காவிட் என்ற பெயரில் அமெரிக்கா வரைக்கும் விற்கிறார்கள். அவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025-ல் அமெரிக்கா ஐரோப்பியச் சரக்குக்கு வரி போட்டபோது அவர்களும் பாதிக்கப்பட்டார்கள். வித்தியாசம் என்ன என்றால், ஆலையும் பெயரும் விவசாயிகளுடையது. லாபம் வந்தால் குலை கொடுத்தவனுக்கும் பங்கு. நட்டம் வந்தால் கணக்கு அவன் கண்முன்னால் இருக்கும். நேற்றுவரை வாங்கியவன் இன்றைக்குத் திடீரென்று கையை விரிக்க முடியாது.

நம்ம நாட்டிலும் முன்மாதிரி உண்டு. மகாராஷ்டிரத்தில் 1991-ல் திராட்சைக் கூட்டுறவுகள் சேர்ந்து மகாகிரேப்ஸ் அமைப்பை உண்டாக்கி, சாப்பிடுகிற திராட்சையை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் தரம் போதவில்லை என்று சரக்கு அடிபட்டது. குளிரூட்டும் கிடங்கு போட்டு, மருந்து அளவைக் கட்டுப்படுத்தி, கற்றுக்கொண்டு நிமிர்ந்தார்கள். ஏற்றுமதி கெடுதல் இல்லை. அடுத்தவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஏற்றுமதியை நம்பி நடுவதுதான் கெடுதல்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு வார்த்தை

தேனி மாவட்டத்துத் திராட்சை விவசாயிகளுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ரகம். மற்ற இடத்தில் பருவத்துக்குத்தான் திராட்சை, இங்கே வருசம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கும். அதைவிடப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. பன்னீர் திராட்சைக்கு ரெண்டு வாசல். பழமாகவும் விற்கலாம், சாறாகவும் ஒயினாகவும் பிழியலாம். ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல்.

நாளைக்கே ஒருத்தர் காரில் வந்து இறங்கலாம். "பன்னீரைப் பிடுங்கு, வெளிநாட்டு ஒயின் ரகம் தருகிறேன், ஏற்றுமதி விலை தருகிறேன்" என்று சொல்லலாம். அன்றைக்கு நாசிக்கையும் கிரிஃபித்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு வாசலை அடைத்து ஒரு வாசல் வைக்கிற வீடு அது. அந்த ஒரு வாசலின் சாவியும் உங்கள் இடுப்பில் இருக்காது. இருபது வருசத்துக்கு முன்னால் வெனிலா என்று நம்மைச் சுற்றி எத்தனை பேர் பித்துப் பிடித்து அலைந்தார்கள்? ஆயிரக்கணக்கில் போன கிலோ விலை நூற்றுக்கணக்கில் வந்து, அதற்கும் கீழே போனது. கொடி வித்தவன் சம்பாதித்தான், கொடி நட்டவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

யார் வந்தாலும் நாலே நாலு கேள்வி கேளுங்கள். விலை என்ன, எழுத்தில் தருவாயா? பணம் எத்தனை நாளில்? எத்தனை வருசத்துக்கு வாங்குவாய்? வெளிநாடு கதவைச் சாத்தினால் நட்டம் யாருக்கு? நாலாவது கேள்விக்கு "அதெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால், காப்பித்தண்ணி கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள்.

நாம் கேட்பது என்ன?

1. ஏற்றுமதிக்கென்று யார் பயிர் செய்யச் சொன்னாலும், குறைந்தபட்ச விலையும் பணம் தரும் தேதியும் கவாத்துக்கு முன்பே தமிழில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். ஒப்பந்தச் சாகுபடிக்கு 2019-ல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றினார்கள். அதில் கம்பெனிக்கு இருக்கும் பாதுகாப்பு விவசாயிக்கும் இருக்க வேண்டும்.

2. திராட்சை போன்ற நீண்ட காலப் பயிரை நடச் சொல்கிற கம்பெனி, முதல் ஐந்து காய்ப்பையாவது வாங்குவதற்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். நட்டத்தில் பங்கு இல்லாதவனுக்கு யோசனை சொல்லும் உரிமை இல்லை.

3. எடையும் சர்க்கரை அளவும் தோட்டத்திலேயே, விவசாயி கண்முன்னால் பார்க்க வேண்டும். அதற்குக் கருவியை ஊருக்கு ஊர் வேளாண்மைத் துறை கொடுக்க வேண்டும்.

4. சாறு பிழியும் ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் விவசாயிகள் கூட்டுறவுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் முதலில். தனியார் கம்பெனிக்குத் தருகிற மானியமும் கடனும் அவர்களுக்கும் வேண்டும்.

5. வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பாதிக்கப்படும் பயிர் எது, மாவட்டம் எது என்று பட்டியல் போட்டு, மாநில அரசுகளையும் விவசாயிகளையும் கேட்க வேண்டும். போட்ட பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது.

6. அரசாங்க உத்தரவால் ஏற்றுமதி நின்றால், அந்தப் பயிருக்கு வாங்கிய கடனுக்கு வட்டியை நிறுத்தி, தவணையைத் தள்ளிவைக்க வேண்டும். உத்தரவு போட்ட கைதான் நட்டத்தையும் தாங்க வேண்டும்.

விவசாயப் பெருமக்களே! கிரிஃபித் விவசாயி சோம்பேறி இல்லை. அவனிடம் டிராக்டர் இருந்தது, வாய்க்கால் தண்ணீர் இருந்தது, சொட்டுநீர் இருந்தது, படிப்பு இருந்தது. நம்மில் பலருக்கு இல்லாததெல்லாம் அவனிடம் இருந்தது. விலை சொல்லும் இடத்தில் மட்டும் அவனுக்கு நாற்காலி இல்லை. அந்த ஒரு குறைதான் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

அந்த நாற்காலியை யாரும் நமக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். தனித்தனியாக மண்டிக்குப் போனால் அவன் சொல்கிற விலை. ஊரோடு சேர்ந்து போனால் நாம் சொல்கிற விலை. இந்தப் பிரசுரத்தைப் படித்துவிட்டுப் பரணில் போடாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் கொடுங்கள். டீக்கடையில் உரக்கப் படியுங்கள். மேலே சொன்ன ஆறு கோரிக்கைகளையும் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.

விளைய வைப்பவன் விலை வைக்கட்டும்!
எழுத்தில் இல்லாத விலைக்கு ஏர் பூட்ட மாட்டோம்!
ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!